கத்தி இல்லாத அட்டை

நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் கயிறு கட்டி, துணி காயப்போடும் கவ்வி மாட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தச் சின்னப் புத்தகங்கள். அட்டையில் ஒரு பெண் கண்ணை அகல விரித்துத் திரும்பிப் பார்ப்பாள். அவளுக்குப் பின்னால் ஒரு நிழல். நிழலின் கையில் ஏதோ பளபளக்கும். வாங்கிப் படித்தால் கதையில் அந்தப் பெண்ணும் இருக்க மாட்டாள், நிழலும் இருக்காது. அதற்காக நாம் யாரும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனதில்லை. இப்போது அந்த அட்டைகளைக் காபிக் கோப்பையிலும் பனியனிலும் அச்சடித்து விற்கிறார்கள். பார்த்தால் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. எனக்கு வருவதில்லை. அப்படி ஓர் அட்டை எங்கள் குடும்பத்தைப் பிரித்துப் போட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல் திட்டில் எங்கள் ஊர். அம்மாவும் சித்தியும் சுண்ணாம்புக்குளத்துப் பெண்கள். அக்கா அண்ணனையும் தங்கை தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வாசலுக்குள் வந்தவர்கள். அண்ணன் என் நைனா. தம்பி என் சித்தப்பா.

அதற்கு முந்தின ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை சித்தப்பா தனியாகப் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போனார். திரும்பவில்லை. மதியம் நைனாதான் தேடிப் போய் வெறும் படகைக் கட்டி இழுத்து வந்தார். படகில் சித்தப்பாவின் துண்டும் காலியான கஞ்சித் தூக்கும் இருந்தன. உடம்பு கிடைக்கவில்லை. முகத்துவாரம் திறந்திருந்த சமயம், நீர் இழுத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது என்றார் நைனா. எல்லோரும் அழுதார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது.

"இடுப்பளவு தண்ணியில மீன்காரன் சாவானா?"

இதை முதலில் யார் கேட்டார்கள் என்று தெரியாது. ஏரியில் பாதி இடங்களில் நின்றால் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். முந்தின நாள் சித்தப்பாவும் சித்தியும் போட்ட சண்டையையும் ஊரே கேட்டிருந்தது. கஞ்சி ஊற்றிக் கொடுத்தது சித்தி. இந்த மூன்றையும் சேர்த்துக் கோக்க யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. சித்தி நடந்து வந்தால் பெண்கள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டார்கள். பள்ளியில் என் பக்கத்தில் உட்காரும் பெண், "உங்க சித்தி கஞ்சியில இன்னா கலந்துச்சு?" என்று சிலேட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். வீட்டில் நைனா சித்தி சமைத்ததைத் தொடுவதில்லை. அம்மா தனியாக ஒரு சட்டியில் அவருக்கு ஆக்கினாள். நைனாவே பயப்படுகிறார் என்றால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்று முதல் சித்தி ஊட்டும் சோற்றை வாயில் வைப்பதற்கு முன் முகர்ந்து பார்ப்பேன். அவள் அதைக் கவனித்தாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

பொங்கல் முடிந்து வாடைக் காற்று தணிந்த வாரத்தில் அவர் வந்தார். பேன்ட் போட்ட, தோளில் ஜோல்னாப் பை மாட்டிய ஆள். ஐம்பது வயதிருக்கும். பழவேற்காட்டில் அறை எடுத்துத் தங்கி, காலைப் படகில் வந்து மாலைப் படகில் போனார். வலை பிரிக்கிறவர்களை, இறால் பொறுக்கும் பெண்களை, படகு தள்ளுகிறவர்களை உற்றுப் பார்ப்பார். பிறகு மடியில் இருக்கும் அட்டையில் எதையோ கிறுக்குவார்.

"போலீஸ்தான்யா. மப்டியில வந்துகீறான். ஒவ்வொரு மூஞ்சியா எழுதிகினு போறான்."

"போலீஸ்னா செருப்பு அறுந்தா கெடக்கும்? ராக்கெட் வுடுறாங்களே, அவுங்க ஆளு. ஊர காலி பண்றதுக்கு அளக்குறான்."

நைனா மட்டும் பீடியை மணலில் அழுத்தி அணைத்துவிட்டுச் சொன்னார்: "யாரா இருந்தா நமக்கு இன்னா? யாரும் பேச்சு குடுக்காதீங்க. பழசெல்லாம் கிளறுவான்."

அதுவே ஊர்க் கட்டுப்பாடாகிவிட்டது. அவர் தண்ணீர் கேட்டால்கூடக் குழாயடியைக் கையால் காட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

நான்காம் நாள் நானும் சித்தியும் நண்டுக் கூடையோடு சவுக்குத் தோப்பைத் தாண்டும்போது, கவிழ்த்துப் போட்ட பழைய படகுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். காற்றில் பறக்காமல் இருக்கத் தாள்களின் மேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்திருந்தார். சித்தி நின்றுவிட்டாள். சுண்ணாம்புக்குளத்தில் எட்டாவது வரை படித்தவள் அவள். எங்கள் ஊரில் புத்தகம் படிக்கிற ஒரே பெண்.

"அது இன்னா புக்கு சார்?"

அவர் இடக்கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார். நான்கு நாட்களில் அவரிடம் பேசிய முதல் ஆள். "நாவல். உங்களுக்குப் படிக்க வருமா?"

"வரும்."

"எனக்கும் வரும். கண்ணுதான் ஒத்துக்கல. புரை விழுந்திருக்கு. பெரிசா வரைஞ்சிடுவேன், பொடி எழுத்து ஓடுது."

அவர் அட்டைப்படம் போடுகிறவர். பேருந்து நிலையங்களில் தொங்கும் சின்னப் புத்தகங்களுக்கு இருபது வருடமாக அட்டை போட்டிருக்கிறார். இந்த முறை அவருடைய பதிப்பாளருக்கு வேறொரு யோசனை. பெரியவர் ஒருவர் முன் காலத்தில் எழுதிய, கல்லூரியில் பாடமாக வைத்த நாவல் ஒன்றைப் பொடி எழுத்தில் அச்சடித்துக் கொலைக் கதை மாதிரி அட்டை போட்டு விற்க வேண்டும். கதை ஓர் ஏரிக்கரை ஊரில் நடக்கிறது. "நான் இதுவரைக்கும் ஏரியே பாத்ததில்லம்மா. சினிமாவுல வர்ற கடலைத்தான் வரைஞ்சிட்டிருக்கேன். எழுதினவரு செத்துட்டாரு. அவருக்காகவாவது ஒரு தடவை சரியா போடலாம்னு வந்தேன். ஆனா கதைல என்ன இருக்குன்னே தெரியல."

சித்தி இரண்டு பக்கமும் பார்த்தாள். "நாளைக்கு மத்தியானம் வரேன். நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க." பிறகு என் காதைப் பிடித்து, "வீட்ல சொல்லாத" என்றாள்.

சொல்லாதே என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கும் சந்தேகம் பிடித்தது.

பத்துப் பதினோரு மதியங்கள் போனோம். சித்தி படகின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து வாசிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எனக்குக் கதை புரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய தகரப் பெட்டியை. வயிறு ஒட்டிப்போன வண்ணக் குழாய்கள், தூரிகை துடைக்க ஒரு பழைய ரவிக்கைத் துணி, மூடி திறந்தால் கோந்து வாசனை. அட்டையில் பென்சிலால் நீளமான கட்டம் போட்டு, மேலே மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விட்டிருந்தார்.

"அங்க இன்னா வரும்?" என்று கேட்டேன்.

"புத்தகத்தோட பேரு. இடம் விடலைன்னா பதிப்பாளர் பொம்பளை மூஞ்சி மேலேயே எழுதிடுவாரு."

இன்னொரு நாள் சித்தியிடம் சொன்னார்: "பஸ் கிளம்பப் போகுது, டிரைவர் ஹாரன் அடிச்சிட்டாரு. அந்த நேரத்துல ஒருத்தன் ஜன்னல் வழியா கையை நீட்டி இதை வாங்கணும். அதுக்குத்தான் சிவப்பு. அதுக்குத்தான் மூஞ்சி பெரிசு, ஊரு சின்னது." பிறகு பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். ஈரப் புடவையில் ஒரு பெண். முகம் அப்படியே சித்தி. கையில் கத்தி. காலடியில் படகுக்குள் ஓர் ஆண் கிடந்தான்.

சித்தி வெகுநேரம் அதைப் பார்த்தாள். "இந்தக் கதையில கத்தி எங்க சார் வருது? அவ ஒரு மீன் கூட வெட்டலியே."

"கதையில இல்லம்மா. அட்டையில இருக்கணும். பதிப்பாளர் கேட்டது மூணு. பொம்பளை, தண்ணி, கத்தி."

"அப்ப கதைய எதுக்கு இத்தினி நாளு கேட்டீங்க?"

அவர் அந்தப் படத்தைப் பெட்டிக்குள் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து, "கடைசியில அவ எப்படிப் போறா?" என்று கேட்டார்.

"புருஷன வுட்டுட்டு அவளே படகு தள்ளிகினு அக்கரைக்கு போறா. கழி ஊனி. முழு ஒடம்பும் சாஞ்சு."

"எப்படிச் சாயும்?"

எங்கள் ஊரில் பெண்கள் கழி தொடுவதில்லை. சித்தி மறுபடியும் இரண்டு பக்கமும் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோப்போரம் கட்டியிருந்த ஒரு சின்னப் படகில் ஏறினாள். மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றினாள். படகு முதலில் ஒரு சுற்றுச் சுற்றியது. அடுத்த ஊன்றலில் நேராகக் கிளம்பியது. தூரத்தில் நின்ற பூநாரைகள் ஒதுங்கி வழிவிட்டன.

"அப்படியே! திரும்பிப் பாக்காதீங்க... இல்ல, பாருங்க. பாதி பாருங்க!" என்று அவர் கரையில் ஓடியபடி வரைந்தார்.

சித்தி பாதி திரும்பினாள். சிரித்தாள். சித்தப்பா போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் கண் கலங்குகிறது. அன்றைக்கு எனக்கு வேறு மாதிரி இருந்தது. புருஷன் செத்தவள் வேற்று ஆள் முன்னால் எப்படிச் சிரிப்பாள்? பள்ளியில் கேட்டது சரிதான். கத்தியோடு இருந்த அந்தப் படம் பொய்யில்லை, அவள் இவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று தோன்றியது.

அவர்கள் என் பக்கம் பார்க்காத நேரத்தில் பெட்டியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். வீட்டுக்கு ஓடிப்போய் நைனாவிடம் கொடுத்தேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தாளை அவசரமாக மடிக்கப் போனார். "வேற யாரு பாத்தாங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்குள் வலை பின்னிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை அம்மன் கோயில் முன் மணலில் ஊர் கூடியது. அந்தப் படம் கையிலிருந்து கைக்குப் போயிற்று. முதல் படகில் வந்து இறங்கிய அட்டைக்காரரையும் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அவர் பெட்டி, தாள் எல்லாம் மணலில் கொட்டிக் கிடந்தன.

ஊர்த் தலைவர் சித்தியிடம் படத்தை நீட்டினார். "இது நீதானே?"

"மூஞ்சி என்னுது. கத்தி அவுரு வச்சது."

"கீழ கெடக்குறது யாரு? மீச நம்ம புள்ள மீசதானே?"

அட்டைக்காரர் கை கூப்பினார். "ஐயா, நான் போடுற எல்லா ஆம்பளைக்கும் இதே மீசைதான். இருபது வருஷமா இதேதான்." யாரும் சிரிக்கவில்லை.

தலைவர் கடைசியில் சொன்னார்: "பேச்சு வேணாம். அம்மன் முன்னால கையில சூடம் ஏத்தி, புருஷனுக்கு நான் ஒண்ணும் பண்ணலன்னு சத்தியம் பண்ணிடு. வுட்டுடுறோம்."

சித்தி மாட்டேன் என்றாள். அவள் குரல் உயரவில்லை. "செய்யாததுக்கு நான் எதுக்கு கைய சுட்டுக்கணும்? அவுரு செத்தத யாரு பாத்தீங்க? பாத்தவங்க வந்து, அவுரு செத்துட்டாருன்னு சூடம் ஏத்துங்க. அப்பால நான் ஏத்துறேன்."

எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். வெறும் படகை இழுத்து வந்தவர் அவர்தானே. நைனா எழுந்தார். "ஒடம்பு சரியில்ல" என்றார். வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். தம்பி சாவைப் பற்றிப் பேசுவதைத் தாங்க முடியவில்லை பாவம் என்று கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அட்டைக்காரரின் தாள்களைக் கிழித்து ஏரியில் விட்டார்கள். கரையோரம் அவை வெகுநேரம் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. சித்தி கழி ஊன்றும் படத்தை மட்டும் அவர் சட்டைக்குள் வைத்திருந்தார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அவரைப் படகில் ஏற்றி அனுப்பினார்கள். சித்தியோடு யாரும் பேசக் கூடாது, மீன் விற்கும் ஏலக்கரையில் அவள் கூடையை இறக்கக் கூடாது என்று முடிவானது. எங்கள் வீட்டுப் பின்புறம் ஓலை சாய்த்துக்கொண்டு அவள் தனியாக இருந்தாள். நண்டு பிடித்து, தன்னை யாரென்று தெரியாத ஊர்களுக்கு நடந்துபோய் விற்றாள். அம்மா வேலி வழியாகக் குழம்பு கொடுப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஆடி மாதம் ஒரு காலை. ஏலக்கரையில் ஊரே நின்றது. பழவேற்காட்டுப் படகிலிருந்து ஓர் ஆள் குதித்தான். சதை போட்டிருந்தான், கட்டம் போட்ட சட்டை. முதலில் கண்டுகொண்ட கிழவி கூடையைப் போட்டுவிட்டு அலறினாள். அதைப் பார்த்த கூட்டம் முழுதும் பின்னால் நகர்ந்தது. சித்தப்பா.

"எங்க அவ? என்னைப் பத்தி இன்னா எழுதி வுட்டுகீறா?" அவர் கையில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. "கும்மிடிப்பூண்டி டேசன்ல அவ மூஞ்சி தொங்குது! படிச்சி காட்டறானுங்க, சிரிக்கிறானுங்க! உயிரோட இருக்கறவன கொன்னுட்டா மாதிரி போட்டு விக்கிறானுங்க!"

கூட்டத்தின் பின்னாலிருந்து நண்டுக் கூடையோடு சித்தி வந்தாள். அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். நான் எட்டிப் பார்த்தேன். சிவந்த வானம், கறுத்த தண்ணீர், முழு உடம்பும் சாய்த்துக் கழி ஊன்றும் பெண். பாதி திரும்பிய முகம். கத்தி இல்லை. ஆனால் கீழே பதிப்பாளர் மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தார்: 'அவன் திரும்பவில்லை... அவனை அவள் என்ன செய்தாள்?'

சித்தி எழுத்தைப் பார்க்கவில்லை. "கழிய சரியா புடிச்சிகீது" என்றாள், தனக்குத்தானே. பிறகு தலைவரிடம் திரும்பினாள். "நீங்க தேடின ஆளு வந்துட்டாரு. என்னைக் கேட்டதெல்லாம் இனிமே இவர கேளுங்க."

கேட்டார்கள். சூளூர்ப்பேட்டைப் பக்கம் இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையும் இருந்தது. தலைவர் சித்தியிடம் சமாதானம் பேச வந்தார். இருவரையும் சேர்த்து வைக்கவும் ஏற்பாடு நடந்தது. அவள் ஓலையைக்கூடப் பிரிக்காமல் அந்த வாரமே மீஞ்சூருக்குக் கிளம்பிவிட்டாள். ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, இன்றுவரை தனியாகவே இருக்கிறாள். கிளம்பும்போது நான் அழுதுகொண்டே படம் எடுத்ததைச் சொன்னேன். "தெரியும்" என்றாள். "பொட்டிய தொறக்க தெரிஞ்ச உனக்கு மூட தெரியல."

இதோடு கதை முடிந்ததென்று பல வருடம் இருந்தேன். வயது ஏற ஏற அந்த ஏலக்கரைக் காலை திரும்பத் திரும்ப வந்தது. ஊரே பின்னால் நகர்ந்தபோது ஒரே ஒருவர் மட்டும் முன்னால் போனார், என் நைனா. தம்பியின் தோளைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னதை அவர் வேட்டியைப் பிடித்தபடி நின்ற நான் கேட்டேன். "எப்பிட்ரா பொழச்ச?" என்று அவர் கேட்கவில்லை. "ஏண்டா வந்த?" என்றார்.

நைனா உயிரோடு இருந்தவரை அதை அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஓடிப்போன தம்பியைவிட ஏரி கொண்டுபோன தம்பி குடும்பத்துக்கு மரியாதை என்று நினைத்திருக்கலாம். பழி சித்தி மேல் விழும் என்று நினைத்திருக்க மாட்டார். விழுந்த பிறகு வாயைத் திறக்க வழி தெரியாமல், அவள் கைச் சோற்றைத் தொடவும் கூசிப் போயிருக்கலாம். இப்படியெல்லாம் அவருக்காக நானே பேசிப் பார்த்திருக்கிறேன்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் மீஞ்சூரில் சித்திக்கு முட்டி வலி அதிகமென்று பார்க்கப் போயிருந்தேன். எண்பதை நெருங்குகிறாள். தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"சித்தி, நைனாவுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு யாரு சொன்னது?"

"உங்கம்மா. நான் ஊர வுட்டு கெளம்பின அன்னிக்கு, படகுத்துறைல வந்து கால்ல வுழுந்தா."

என் கை நின்றுவிட்டது. நைனாவைப் பற்றி மட்டும்தான் இத்தனை வருடம் யோசித்திருந்தேன். "அம்மாவுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

சித்தி காலை மெல்ல இழுத்துக்கொண்டாள்.  

"அத மட்டும் நான் கேக்கல. கேட்டிருந்தா எனக்கு அக்கான்னு சொல்லிக்க ஆளு இருந்திருக்காது."